நூறு கிராம் பிஸ்டன், நூற்றிருபது கிலோ இழுப்பு

அக்கா மகன் கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் முதல் வருஷம் படிக்கிறான், மெக்கானிக்கல். போன தீபாவளிக்குத் தர்மபுரி வந்தவன், வாசலில் நின்ற என் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-ஐக் குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, “மாமா, இந்த எஞ்சினை இன்னும் லேசா பண்ணா மைலேஜ் கூடும்தானே? அப்புறம் ஏன் பண்ணாம விட்டிருக்காங்க?” என்று கேட்டான்.

அன்றைக்குப் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எஞ்சினைப் புதிதாகப் படிக்க ஆரம்பிக்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவும். ஓசூரில் எஞ்சின் பாகங்கள் கடையும் பட்டறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எஞ்சினை டிசைன் செய்கிறவன் இல்லை. டிசைன் செய்தவர்கள் அனுப்பும் டிராயிங்கைப் பார்த்து உலோகத்தைக் கடைகிறவன். இந்த இடத்தில் ஏன் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் ஏன் குடைந்திருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

அவன் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எஞ்சின் எடை குறைவாக இருப்பது ஒன்று. அதே பெட்ரோலில் அதிக வேலை வாங்குவது இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். சில இடங்களில் இரண்டும் கைகோத்து வரும். சில இடங்களில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எங்கே எது நடக்கும் என்று தெரிந்துகொண்டால் எஞ்சின் டிசைனில் பாதி புரிந்த மாதிரி.

பெட்ரோல் எங்கே போகிறது

ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலை கரன்ட் பில் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 9 யூனிட். இது எவ்வளவு பெரிசு என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். எக்ஸ்எல் வண்டி, ஓட்டுகிறவர், பின்னால் ஒரு மூட்டை, எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்று வையுங்கள். சேலத்திலிருந்து ஓசூருக்கு வந்தால் சுமார் 600 மீட்டர் உயரம் ஏறுகிறோம். 200 கிலோவை 600 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் வேண்டிய ஆற்றல் 40 மில்லி பெட்ரோலில் இருக்கிறது. ஒரு டீ கிளாஸில் பாதிகூட வராது.

ஆனால் அந்தப் பயணத்துக்கு லிட்டர் கணக்கில் போடுகிறோம். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கும், டயர் உருளும்போது ஏற்படும் இழப்புக்கும், பிரேக் பிடித்துப் பிடித்து வீணாவதற்கும் ஒரு பங்கு போகிறது. அதையெல்லாம் கழித்த பிறகும் பெரிய தொகை ஒன்று எஞ்சினுக்குள்ளேயே கரைந்துபோகிறது.

நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், நல்ல பெட்ரோல் எஞ்சின் அதற்குத் தோதான வேகத்திலும் சுமையிலும் ஓடும்போது சுமார் முப்பது ரூபாயை வேலையாக மாற்றித் தரும். ஏறத்தாழ இன்னொரு முப்பது, சிலிண்டர் சுவர் வழியாகக் காற்றுக்கோ ரேடியேட்டர் தண்ணீருக்கோ சூடாகப் போய்விடும். மிச்சத்தில் பெரும் பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாக வெளியேறும். சில ரூபாய் உராய்வில் போகும். ஊருக்குள் நின்று நின்று ஓட்டினால் அந்த முப்பது இருபதாகவும் அதற்குக் கீழேயும் இறங்கும்.

ஏன் இறங்குகிறது என்பது முக்கியம். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரைக் குறைப்பது என்றால் காற்று வரும் வழியை அடைப்பது. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன், கீழே இறங்கும்போது அடைத்த வழியாகக் காற்றை இழுத்தாக வேண்டும். நம்ம ஊர் மாம்பழக் கூழைப் பெரிய குழாயில் உறிஞ்சுவதற்கும், நுனியை விரலால் நசுக்கிய குழாயில் உறிஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கன்னம் ஒட்டிப்போகும், கூழும் வராது. எஞ்சினும் அப்படித் திணறித் திணறி இழுக்கிறது. அந்த உழைப்பும் உங்கள் பெட்ரோலில்தான் நடக்கிறது. பெரிய எஞ்சினை வாங்கி மெதுவாக ஓட்டுகிறவர் நாள் முழுக்க நசுக்கிய குழாயில்தான் உறிஞ்சுகிறார். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

நொடிக்கு நூறு தடவை

இப்போது எடைக்கு வருவோம். எக்ஸ்எல் 100 எஞ்சினின் போர் 51 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 48.8 மில்லிமீட்டர். அதாவது, பிஸ்டன் ஓடும் குழியின் விட்டம் 51, பிஸ்டன் ஒரு பக்கமாகப் போகும் தூரம் 48.8. பெருக்கிப் பார்த்தால் 99.7 சிசி வரும். அதனால்தான் பெயரில் 100.

எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடுகிறது என்றால் நொடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு தடவை மேலே போய் நின்று திரும்பும், ஒரு தடவை கீழே போய் நின்று திரும்பும். ஒரு நொடியில் இருநூறு முறை நிற்கிறது, இருநூறு முறை எதிர்த்திசையில் பாய்கிறது. ‘நிற்கிறது’ என்று சும்மா எழுதிவிட்டேன், ஆனால் அந்த நிறுத்தத்துக்கு ஆகும் பலத்தைக் கணக்குப் போட்டால் மிரண்டுபோவீர்கள். மேல் முனையில் திரும்பும் கணத்தில் பிஸ்டனுக்கு ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பைப் போலச் சுமார் 1,200 மடங்கு. பிஸ்டன், அதைச் சுற்றி மாட்டிய ரிங்குகள், அதன் குறுக்கே செருகிய ‘பின்’ (pin) என்ற சிறு தண்டு எல்லாம் சேர்ந்து நூறு கிராம் என்று எடுத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் அது, தன்னைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை 120 கிலோ எடை தொங்குவதுபோல இழுக்கிறது. நூறு கிராம் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு தக்காளி. அது, இரண்டு ஆட்கள் சேர்ந்து தொங்கும் அளவுக்கு இழுக்கிறது. நொடிக்கு நூறு தடவை.

நான் சொல்ல நினைக்கும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. எஞ்சினில் இருக்கும் ஒவ்வொரு துண்டு உலோகமும் ஏதோ ஒரு விசையைத் தாங்குவதற்காக உட்கார்ந்திருக்கிறது. விசையைக் குறைக்காமல் உலோகத்தை மட்டும் வழித்தெடுத்தால் உடையும். விசையைக் குறைத்துவிட்டால் உலோகத்துக்கு அங்கே வேலை இல்லை, எடுத்துவிடலாம்.

பிஸ்டனில் பத்து கிராம் குறைந்தால் அந்த உச்ச வேகத்தில் ராடு மீதுள்ள இழுப்பு 12 கிலோ குறைகிறது. ராடை மெலிசாக்கலாம். பிஸ்டனும் ராடும் மெலிந்தால், அவற்றைச் சமன்செய்யக் கிராங்கில் வைத்திருக்கும் எதிர் எடையைக் குறைக்கலாம். கிராங்க் மெலிந்தால் அதைத் தாங்கும் பேரிங்கின் அளவைக் குறைக்கலாம். பேரிங் சின்னதானால் உராய்வு குறையும். இவையெல்லாம் உட்காரும் கிராங்க்கேஸ் சின்னதாகும். எஞ்சினே சின்னதானால் அதைப் பிடித்திருக்கும் சேஸிஸ் குழாயும் மெலியும். பத்து கிராமில் ஆரம்பித்தது வண்டி முழுக்கப் பரவுகிறது. அதே பத்து கிராமை அசையாமல் நிற்கும் ஒரு மூடியில் குறைத்தால், குறைந்தது பத்து கிராம்தான்.

அதனால் நல்ல டிசைனர் எடைக் குறைப்பைப் பிஸ்டனிலிருந்து தொடங்குவார்.

கையில் எடுத்துப் பாருங்கள்

என் மேஜையில் இரண்டு பிஸ்டன்கள் இருக்கின்றன. ஒன்று, பழைய அம்பாசடர் காலத்து வடிவம்: டம்ளர்போல உயரமாக, சுற்றிலும் ஒரே சீராகக் கீழ்வரை இறங்கும் சுவர். இன்னொன்று இன்றைய கார் பிஸ்டன். பக்கத்தில் வைத்தால் இது பாதி உயரம். தலைப்பகுதி வட்டமாக இருக்கிறது. ஆனால் தலைக்குக் கீழே பின் போகும் இரண்டு பக்கமும் வெட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சிலிண்டர் சுவரில் உரசுவது எதிரெதிராக இருக்கும் இரண்டு தகடுகள் மட்டும்தான். இந்தத் தகடுகளை ‘ஸ்கர்ட்’ என்பார்கள். மற்ற இரு பக்கமும் சுவரைத் தொடத் தேவையே இல்லை. ராடு சாய்ந்து தள்ளுவது இந்த இரண்டு திசையில் மட்டும்தான் என்பதால், உலோகத்தை அந்த இரண்டு திசையில் மட்டும் விட்டிருக்கிறார்கள். ஸ்கர்ட் மீது கருப்பாக ஒரு பூச்சு, தொட்டால் பென்சில் தூள்போல வழவழப்பு. கிராஃபைட் கலந்த பூச்சு. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் வந்து சேர்வதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளில் அதுதான் காப்பாற்றுகிறது.

பிஸ்டன் வட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். ஸ்கர்ட் லேசாக முட்டை வடிவம். பின் இருக்கும் திசையில் விட்டம் கம்மி, அதற்குக் குறுக்கே அதிகம். தலைப்பக்கம் ஸ்கர்ட்டைவிடக் குறுகல். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நெருப்பு படும் தலை அதிகமாக விரியும். பின்னைத் தாங்கும் பக்கம் உலோகம் அதிகம் என்பதால் அங்கேயும் அதிகமாக விரியும். அப்படி விரிந்து முடித்த பிறகு சரியான உருவத்துக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே கோணலாகக் கடைகிறோம். அந்தக் கோணல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். பதினெட்டு வருஷம் ஆகியும், ஒரு பிஸ்டனை மெஷினிலிருந்து எடுக்கும்போது இது எனக்கு அதிசயமாகத்தான் இருக்கிறது.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். படித்துக்கொண்டிருந்த காலத்தில் என்னிடம் ஒரு பழைய 100 சிசி பைக் இருந்தது. எங்கேயோ ரேஸ் வண்டி பிஸ்டனில் துளை போட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, தர்மபுரியில் தெரிந்த அண்ணன் ஒருவரின் லேத் பட்டறையில், அவர் இல்லாத நேரத்தில், ஸ்கர்ட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டை போட்டேன். எடை குறைந்தது உண்மை. முதல் வாரம் பிக்கப்பும் நன்றாக இருந்த மாதிரிதான் தோன்றியது. சித்திரை வெயிலில் பென்னாகரம் போகும்போது, இண்டூர் தாண்டி ஒரு ஏற்றத்தில் பின்சக்கரம் கிரீச்சென்று பூட்டிக்கொண்டது. பிஸ்டன் ஜாம்.

வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு அதே பட்டறைக்கு வந்தேன். அண்ணன் சிலிண்டரைக் கழற்றி, ஸ்கர்ட்டில் நீளவாக்கில் கீறிக் கிடந்த கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். திட்டவில்லை. “எடையைப் பாத்த தம்பி, எண்ணெயைப் பாக்கலையே,” என்றார். அப்புறம் உட்காரவைத்து விளக்கினார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். வெடிப்பு நடக்கும்போது ராடு சாய்வாக இருப்பதால் பிஸ்டன் சுவர் பக்கம் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலை ஸ்கர்ட்டின் பரப்பு முழுக்கப் பகிர்ந்துகொண்டால்தான் எண்ணெய் தாங்கும். நான் ஓட்டை போட்டுப் பரப்பைக் குறைத்ததும், மிச்சமிருந்த இடத்தில் அழுத்தம் கூடியது, எண்ணெய் பிதுங்கி வெளியே போனது, உலோகத்தோடு உலோகம் ஒட்டியது. விசை எந்தத் திசையில் வருகிறதோ சரியாக அந்த இடத்தில் உலோகத்தை எடுத்திருக்கிறேன். என் மேஜையில் இருக்கும் அந்தக் கார் பிஸ்டனில் அதற்குக் குறுக்கான திசையில் எடுத்திருக்கிறார்கள்.

அலுமினியமா, இரும்பா?

அடுத்து எல்லோரும் கேட்பது உலோகம். வார்ப்பிரும்பு ஒரு கன சென்டிமீட்டர் 7.2 கிராம் அளவில் இருக்கும். அலுமினியம் 2.7. மெக்னீசியம் 1.74. அப்படியானால் சிலிண்டர்களைத் தாங்கும் இரும்பு பிளாக்கை அப்படியே அலுமினியத்தில் வார்த்தால் மூன்றில் ஒரு பங்கு எடையில் முடிந்துவிடுமா? முடியாது. அலுமினியம் அவ்வளவு விறைப்பானது அல்ல. அதே விறைப்புக்குச் சுவரைத் தடிமனாக்க வேண்டும், குறுக்கே விலா எலும்பு மாதிரி வரிகள் போட வேண்டும். ரிங்கு உரசும் இடத்தில் வெறும் அலுமினியம் தேய்ந்துவிடும் என்பதால் இரும்பு உறை (ஸ்லீவ்) இறக்க வேண்டும், அல்லது நிக்கல்-சிலிக்கான் கார்பைடு மாதிரி கடினப் பூச்சு கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் நல்ல லாபம் மிச்சமிருக்கிறது என்பதால்தான் இன்றைக்குப் பெரும்பாலான பைக், கார் எஞ்சின்கள் அலுமினியம். கூடுதலாக இன்னொரு நன்மை, அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும். காற்றுக் குளிர்ச்சியில் ஓடும் நம் பைக் எஞ்சின்களுக்கு அது பெரிய வரம்.

ஆனால் இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. ஃபோர்டு கம்பெனியின் 1 லிட்டர் மூன்று சிலிண்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் 2012-ல் உலக அளவில் அந்த ஆண்டின் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது. 2013-ல் ஈகோஸ்போர்ட் காரில் நம் நாட்டுக்கும் வந்தது. பிளாக்கின் அடிப்பரப்பு ஒரு ஏ4 தாளில் அடங்கிவிடும். அவ்வளவு கச்சிதமான எஞ்சினின் பிளாக், வார்ப்பிரும்பு! இரும்பின் பலத்தால் சிலிண்டர்களை நெருக்கமாக வைத்து நீளத்தைக் குறைத்தார்கள். ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சின்ன இரும்பு பிளாக் சீக்கிரம் சூடேறும். குளிர்ந்த எஞ்சின்தான் அதிகம் குடிக்கும், அதிகம் தேயும். தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவருக்கு இது பெரிய மிச்சம். அதனால் உலோகத்தின் பெயரை மட்டும் வைத்து ஒரு எஞ்சினை எடை போடாதீர்கள்.

காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு, டேப்பெட் கவர் எல்லாம் இப்போது கண்ணாடி நார் கலந்த நைலான். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை வெற்றுக் குழாயில் செய்து, அதன் முட்டை வடிவ மேடுகளைத் தனியாகச் செருகுகிறார்கள். இதெல்லாம் சுலபமான எடைக் குறைப்பு, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

லேசான எஞ்சின் ஏன் அதிகம் குடித்தது?

எடையும் சிக்கனமும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 வந்தபோது அதில் இருந்தது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவோமே, அந்த ரகம். வால்வு இல்லை, கேம் இல்லை, ஆயில் பம்ப் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். அதனால் அதே அளவில் அதிக பலம், எடையும் கம்மி. எடை மட்டும்தான் கணக்கு என்றால் டூ ஸ்ட்ரோக்கை மிஞ்ச ஆள் இல்லை.

பிறகு ஏன் 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக மாறியது? டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வழியும் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். உள்ளே வரும் புதுப் பெட்ரோல் புகையைத் தள்ளிக்கொண்டே தானும் சைலன்சருக்குள் ஓடிவிடும். சில நிலைகளில் நான்கில் ஒரு பங்குகூட எரியாமலே போகும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் பச்சையாகவே வெளியே போவது பர்சுக்கும் கேடு, மூச்சுக்கும் கேடு.

வாங்கெல் ரோட்டரி எஞ்சின் கதையும் இதேதான். பிஸ்டனே கிடையாது, முக்கோண ரோட்டர் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். நான் மேலே சொன்ன இருநூறு முறை நின்று திரும்பும் தொல்லையே இல்லை. மாஸ்டா கம்பெனி அதை வைத்து 1991-ல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தது. ஆனால் முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்கும் சீல்களால் அழுத்தத்தைப் பிஸ்டன் ரிங்கு அளவுக்குப் பிடித்துவைக்க முடியவில்லை. எரியும் அறையும் நீளமாக, தட்டையாக இருப்பதால் சூடு சுவரில் நிறைய இறங்கிவிடும். லேசான எஞ்சின், ஆனால் வயிறு பெரிசு. புது மாதிரி எஞ்சின் கண்டுபிடித்துவிட்டோம் என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இரண்டு விஷயம்தான்: அழுத்தம் எங்கே கசியும், சூடு எங்கே இறங்கும்.

அழுத்தத்துக்குக் கொடுக்கும் விலை

பெட்ரோலிலிருந்து அதிகம் வேலை வாங்க மிகப் பழைய வழி, எரிப்பதற்கு முன் கலவையை நன்றாக அழுத்துவது. கம்ப்ரஷன் ரேஷியோ 10 என்றால் பத்து பங்கு இடத்தில் இருந்ததை ஒரு பங்கு இடத்துக்கு நெருக்குகிறோம். எந்த இழப்பும் இல்லாத ஏட்டுக் கணக்கில், ரேஷியோ 8 இருந்தால் 56 சதவீதம் வேலையாக மாறும். 10 இருந்தால் 60. 12 இருந்தால் 63. நிஜ எஞ்சின் இதில் ஏறக்குறைய பாதிதான் தரும். ஆனால் போக்கு இதுதான். ஏற ஏற லாபம் சுருங்குவதையும் கவனியுங்கள். எட்டிலிருந்து பத்துக்குக் கிடைத்தது பத்திலிருந்து பன்னிரண்டுக்குக் கிடைக்கவில்லை.

அதிகம் அழுத்தினால், பிளக் பொறி மூட்டிய தீ வந்து சேர்வதற்குள் பெட்ரோல் தானாகவே ஒரு மூலையில் வெடிக்கும். ஏற்றத்தில் பெரிய கியரில் முறுக்கும்போது ‘டக டக’ என்று கேட்குமே, அந்த நாக்கிங். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் தலையே அரித்துப்போகும். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் என்பதால், அதற்கென்றே டிசைன் செய்த எஞ்சினில் ரேஷியோவை ஏற்ற முடியும். பழைய எஞ்சினில் ஊற்றினால் அந்த லாபம் கிடைக்காது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் 20 சதவீதக் கலவையில் லிட்டருக்கு ஆறேழு சதவீத ஆற்றல் குறைகிறது. மைலேஜ் இறங்குகிறது என்று ஜனங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

டீசல் எஞ்சின் காற்றை மட்டும் அழுத்துகிறது, ரேஷியோ 16, 18 என்று போகிறது. லாரி எஞ்சினுக்குள் எரியும்போது உச்ச அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவைத் தொடும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் ஐம்பது, அறுபது, எழுபது. டீசல் எஞ்சின் ஏன் கனக்கிறது என்பதற்கு இந்த ஒரு எண் போதும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் அவ்வளவு இரும்பு. அதற்குப் பதிலாக நூறு ரூபாயில் நாற்பது ரூபாய்க்கு மேல் வேலையாகத் திருப்பித் தருகிறது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமிருந்து முழுச் சுமையோடு ஏறிவரும் லாரிக்கு எஞ்சினில் நூறு கிலோ கூடுவது பொருட்டே அல்ல. டேங்கில் லிட்டர் குறைவதுதான் பொருட்டு. எக்ஸ்எல்லுக்குக் கணக்கு தலைகீழ்.

சின்ன எஞ்சின், நிறைய காற்று

இப்போது நசுக்கிய குழாய்க்குத் திரும்புவோம். பெரிய எஞ்சினைப் பாதி மூடி ஓட்டுவதற்குப் பதிலாகச் சின்ன எஞ்சினை நன்றாகத் திறந்து ஓட்டினால் உறிஞ்சும் வேலை குறையும், எடையும் குறையும். எடையும் சிக்கனமும் கைகோக்கும் இடம் இது. ஏற்றம் வரும்போது பலம் போதாதே என்றால், அதற்குத்தான் டர்போ. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு காற்றாடியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடியால் காற்றைத் திணிக்கிறது. சுவிஸ் எஞ்சினியர் ஆல்ஃபிரட் பியூகி 1905-ல் காப்புரிமை வாங்கிய யோசனை. வீணாகிக்கொண்டிருந்த ரூபாயில் ஒரு பகுதியைப் பிடித்து மறுபடி வேலைக்கு வைக்கிறது.

நம் பக்கத்துக்கு இதில் தனி லாபம் ஒன்று உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்து சதவீதம் கம்மி. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குப் பலத்தை இழக்கும். டர்போ இருந்தால் கொஞ்சம் வேகமாகச் சுழன்று ஈடுகட்டிவிடும்.

டர்போ இல்லாமலேகூடச் சின்ன எஞ்சின் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி ஏற்றிக்கொண்டு ஓடும் டாடா ஏஸைப் பாருங்கள். 2005-ல் வந்த முதல் ஏஸில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல். இண்டிகா காரின் நாலு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கிய மாதிரி. முக்கால் டன் சுமையை ஊருக்குள் இழுக்க இதற்கு மேல் எதற்கு என்று கேட்டு, தேவைக்கு அளந்து எடுத்த எஞ்சின் அது. எனக்கு மிகவும் பிடித்த டிசைன்களில் ஒன்று. இரண்டே சிலிண்டர் என்பதால் அதிர்வு உண்டு. அதை மறைக்க, எதிர் எடையோடு சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட் போட்டால் எடையும் உராய்வும் கூடும்.

சின்ன எஞ்சினுக்கு ஒரு குறையும் உண்டு, மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. எஞ்சினின் சிசி குறையக் குறைய அந்தப் பிடிப்பும் குறையும். பெரிய எஞ்சின் வண்டியில் மூன்றாவது கியரில் இறங்கிய இடத்தில் சின்ன எஞ்சினுக்கு இரண்டாவது தேவைப்படலாம். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூரில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே போய், சூடேறிப் பிரேக் பிடிக்காமல் எத்தனை விபத்துகள். எந்த எஞ்சினாக இருந்தாலும் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.

போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர் என்று நம் பக்கத்திலேயே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிறார்கள், இனி எஞ்சின் படித்து என்ன பயன் என்று அக்கா மகன் கேட்டான். பிஸ்டன் போனாலும் எடை போகாது. கார் எடையில் பத்து சதவீதம் குறைந்தால் எரிபொருள் ஆறு முதல் எட்டு சதவீதம் குறையும் என்பது எஞ்சின் வண்டிக்குப் போடும் கணக்கு. பேட்டரி வண்டியிலும் எடை குறைந்தால் அதே சார்ஜில் தூரம் கூடும். விசை எங்கே போகிறது என்று தேடும் பழக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு பாகத்தைக் காட்டி முடிக்கிறேன். கனெக்டிங் ராடின் பெரிய முனை கிராங்கைச் சுற்றி உட்கார வேண்டும் என்பதால் இரண்டு துண்டாக இருக்கும். கீழ்த் துண்டை மூடி என்போம், போல்ட் போட்டு இறுக்குவோம். முன்பெல்லாம் இரண்டு துண்டையும் அறுத்து, முகங்களைத் தேய்த்து, நகராமல் இருக்கத் தனியாகப் பின் வைப்போம். அதற்கெல்லாம் இடமும் எடையும் வேண்டும். இப்போதைய பல எஞ்சின்களில் ராடை ஒரே துண்டாக அடித்து, உள்பக்கம் லேசரால் மெல்லிய கோடு போட்டு, ஒரே இழுப்பில் இரண்டாக உடைக்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது நல்ல ராடை ஏன் உடைக்கிறார்கள் என்று பதறிப்போனேன். உடைந்த முகம் கல் உடைந்ததுபோலச் சொரசொரப்பாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்த மேடு பள்ளம் அதன் ஜோடியோடு மட்டும்தான் பொருந்தும், ஒரு மயிரிழைகூட நகராது. பின் வேண்டாம், தேய்ப்பு வேண்டாம், மெல்லிய போல்ட் போதும்.

அதனால் தம்பி, லேபில் இந்த ரக எஞ்சினைப் பிரித்தால் மூடிகளை ஒரே தட்டில் கொட்டிவிடாதே. கழற்றும்போதே எந்த ராடுக்கு எந்த மூடி என்று நம்பரைப் பார்த்து ஜோடியாக வை. உடைந்த முகத்தைத் துணியால் அழுத்தித் துடைக்காதே, கீழே வைக்கும்போது அந்தப் பக்கம் தரையில் படாமல் வை. ஒரு துணுக்கு உதிர்ந்தாலும் அந்த ஜோடி அதற்குப் பிறகு சேராது. ராடையே மாற்ற வேண்டும்.